அமெரிக்கச் சுரங்கக் கிளெய்ம்: வரிசை எண்ணை வைத்துத் தடம் பிடிப்பது எப்படி?

"நெவாடாவில் 20 ஏக்கர் தங்கக் கிளெய்ம், உடனடி விற்பனைக்கு" என்றொரு விளம்பரத்தை ரீனோவில் வேலைபார்க்கும் நண்பர் ஒருவர் எனக்கு அனுப்பிவைத்தார். படத்தில் துரு நிறப் பாறைகள், காய்ந்த ஓடை, ஒரு பழைய மண்வெட்டி. வாங்கலாமா என்று கேட்டிருந்தார். படத்தை நான் இரண்டாம் முறை பார்க்கவில்லை. அதன் கீழே பொடி எழுத்தில் 'என்எம்சி' என்று தொடங்கும் எண் ஒன்று இருந்தது. அதைக் கூட்டரசின் பதிவேட்டில் இட்டுத் தேடினேன். பத்து நிமிடத்தில் விடை கிடைத்தது: அந்தக் கிளெய்ம் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே மூடப்பட்டுவிட்டது. விற்பவரிடம் விற்பதற்கு ஒன்றுமே இல்லை.

அந்தப் பத்து நிமிட வேலையைப் புதியவர் ஒருவர் தாமே செய்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் பொழுதுபோக்காகப் பொன் அரிக்கப் போகிறவர்கள், கிளெய்ம் வாங்க நினைப்பவர்கள், லித்தியம் நிறுவனங்களின் பங்குகளை வாங்கிவிட்டு அவர்கள் சொல்வது உண்மையா என்று பார்க்க விரும்புபவர்கள் என எல்லாருக்கும் வழி ஒன்றுதான்.

முதலில், கிளெய்ம் என்றால் என்ன?

1872ஆம் ஆண்டு மே 10 அன்று அமெரிக்காவில் பொதுச் சுரங்கச் சட்டம் நடப்புக்கு வந்தது. கூட்டரசுக்குச் சொந்தமான திறந்த நிலத்தில் பொன், வெள்ளி, செம்பு போன்ற தாதுவைக் கண்டவர், நான்கு மூலையிலும் கம்பு நட்டு 'இது என்னுடையது' என்று சொல்லிக்கொள்ளலாம் என்பதே அதன் சாரம். திருத்தங்களோடு இன்றும் அந்தச் சட்டம் உயிரோடு இருக்கிறது. நிலம் அரசினுடையதாகவே இருக்கும். உங்களுக்குக் கிடைப்பது தாதுவைத் தோண்டி எடுக்கும் உரிமையும் அதற்குத் தேவையான அளவு நிலத்தைப் பயன்படுத்தும் உரிமையும் மட்டுமே. வீடு கட்டிக் குடியேறலாம், வேலி போட்டு ஊராரை விரட்டலாம் என்று விளம்பரம் சொன்னால் அந்த இடத்திலேயே படிப்பதை நிறுத்திவிடலாம்.

கிளெய்மில் வகைகள் உண்டு. பாறைக்குள் ஓடும் தாதுநரம்பின் மீது போடுவது லோட் கிளெய்ம். அதிகபட்சம் 1,500 அடி நீளம், 600 அடி அகலம். ஆற்று மணல், வண்டல் இவற்றில் கலந்து கிடக்கும் தாதுவுக்குப் போடுவது பிளேசர் கிளெய்ம். ஒருவருக்கு 20 ஏக்கர், எட்டுப் பேர் கூட்டாகச் சேர்ந்தால் 160 ஏக்கர் வரை. ஆலை அமைப்பதற்கு ஐந்து ஏக்கர் மில் சைட் என்று தனியாக ஒன்று உண்டு. சுரங்கப்பாதைக்கும் ஒரு வகை உண்டு. அதை நீங்கள் பார்க்க நேர்வது அரிது.

நம்மவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் குடிமக்களும், குடிமகனாகும் எண்ணத்தை முறைப்படி அறிவித்தவர்களும்தான் கிளெய்ம் போட முடியும். வேலை விசாவில் இருப்பவர் தம் பெயரில் போட முடியாது. அமெரிக்க மாநிலம் ஒன்றின் சட்டப்படி பதிவான நிறுவனம் போடலாம். அதனால்தான் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் தலைமையகம் வைத்திருக்கும் சுரங்க நிறுவனங்கள், நெவாடாவில் ஒரு துணை நிறுவனத்தின் பெயரில் கிளெய்ம்களை வைத்திருக்கின்றன. பதிவேட்டில் தேடும்போது தாய் நிறுவனத்தின் பெயரைப் போட்டுவிட்டு 'ஒன்றும் வரவில்லையே' என்று திகைப்பவர்கள் இதை மறந்தவர்கள்தான்.

எண் எங்கிருந்து வந்தது?

நூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கிளெய்ம்களுக்குத் தேசிய அளவில் எண் ஏதும் கிடையாது. கம்பு நட்டவர் அந்தந்தக் கவுன்டியின் (நம் ஊர் மாவட்டம் போன்றது) பதிவாளர் அலுவலகத்தில் ஒரு காகிதத்தைப் பதிவு செய்வார், அதோடு சரி. எந்த மலையில் எத்தனை கிளெய்ம்கள் உயிரோடு இருக்கின்றன, எவை அநாதையாகிவிட்டன என்பது நிலத்துக்குச் சொந்தக்காரரான கூட்டரசுக்கே தெரியாது. 1976 அக்டோபர் 21 அன்று வந்த கூட்டரசு நிலக் கொள்கை மேலாண்மைச் சட்டம் இந்தக் கூத்தை முடித்துவைத்தது. பழைய கிளெய்ம்களை வைத்திருந்தவர்கள் எல்லாரும் மூன்று ஆண்டுகளுக்குள், அதாவது 1979 அக்டோபர் 22க்குள், நில மேலாண்மைப் பணியகத்திடம் பதிய வேண்டும். பதியாவிட்டால் கைவிட்டதாகக் கருதப்படும். அதற்குப் பிறகு புதிதாகப் போடுபவர்கள், கிளெய்ம் போட்ட நாளிலிருந்து 90 நாள்களுக்குள் பணியகத்தில் பதிய வேண்டும்.

இந்தப் பணியகத்தை அங்கே எல்லாரும் பி.எல்.எம். என்றே சொல்கிறார்கள்; நானும் அப்படியே சொல்கிறேன். அவர்கள் ஒவ்வொரு கிளெய்முக்கும் தரும் வரிசை எண்தான் நம் கையில் உள்ள நூல்முனை. கிளெய்ம் தேசிய வனத்துக்குள் இருந்தாலும் எண் தருவது பி.எல்.எம்.தான். காட்டை நிர்வகிக்கும் வனச் சேவைத் துறை, தோண்டும் வேலைக்கு மட்டுமே அனுமதி தரும்.

படி ஒன்று: எண்ணைப் படியுங்கள்

இரண்டு வடிவங்களில் எண் உங்கள் கைக்கு வரும்.

பழைய வடிவம், எல்.ஆர்.2000 என்ற கணினிப் பதிவேட்டின் காலத்தது. முன்னால் மாநிலத்தைக் குறிக்கும் எழுத்துகள், பின்னால் ஒரு எண். கலிபோர்னியாவுக்குச் சிஏஎம்சி, அரிசோனாவுக்கு ஏஎம்சி, யூட்டாவுக்கு யூஎம்சி, ஐடகோவுக்கு ஐஎம்சி, ஒரேகானுக்கு ஓஆர்எம்சி. கடைசியில் வரும் 'எம்சி' சுரங்கக் கிளெய்ம் என்பதைக் குறிக்கிறது. இதில் இரண்டு பொறிகள் உண்டு. என்எம்சி என்றால் நெவாடா. என்எம்எம்சி என்றால் நியூ மெக்சிகோ. ஓர் 'எம்' விட்டுப்போனால் ஒரு மாநிலமே மாறிவிடும். இரண்டாவது, வாஷிங்டன் மாநிலக் கிளெய்ம்களை ஒரேகான் அலுவலகமே கவனித்ததால் அவற்றுக்கும் ஓஆர்எம்சிதான். அலாஸ்காவில் அலுவலகத்தை வைத்து எழுத்து போட்டார்கள்: ஆங்கரேஜுக்கு ஏஏ, ஃபேர்பேங்க்ஸுக்கு எஃப்எஃப்.

2020களின் தொடக்கத்தில் எல்.ஆர்.2000 போய், எம்.எல்.ஆர்.எஸ். என்ற கனிம, நிலப் பதிவேட்டு அமைப்பு வந்தது. அதில் எண் எளிமையானது: மாநிலத்தின் இரண்டு எழுத்துகள், அவற்றை அடுத்து ஒன்பது இலக்கங்கள். நெவாடாவில் ஒரு கிளெய்ம் என்றால் 'என்வி 101234567' என்பதுபோல இருக்கும். (இது நான் எடுத்துக்காட்டுக்காக எழுதிய எண், யாருடைய கிளெய்மையும் சுட்டவில்லை.) பழைய கிளெய்ம்கள் எல்லாவற்றுக்கும் புதிய எண் கொடுத்தார்கள். ஆனால் பழைய எண்ணைத் தூக்கி எறியவில்லை. ஒவ்வொரு பதிவிலும் அது தனிக் கட்டத்தில் இருக்கிறது.

இது முக்கியம். ஏனென்றால் பத்திரங்கள், கவுன்டி ஆவணங்கள், கம்பத்தில் ஒட்டிய தாள், தாத்தா பெட்டியில் வைத்திருந்த ரசீது எல்லாவற்றிலும் பழைய எண்தான் இருக்கும். தேடுபவர் இரண்டையும் குறித்துக்கொள்ள வேண்டும். பழைய எண்ணைப் போட்டு ஒன்றும் வராவிட்டால் உடனே 'போலி' என்று முடிவுகட்டாதீர்கள். பல அறிக்கைகளில் எண்ணுக்கு முன்னால் சுழியங்களை நிரப்பி அச்சிட்டிருப்பார்கள். சுழியங்களைச் சேர்த்தும் நீக்கியும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

விற்பவர் எண்ணே தர மறுத்தால்? 'பணம் கொடுங்கள், எண் தருகிறேன்' என்பார்கள். எண்ணைச் சொன்னால் வேறு யாராவது இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பது அவர்கள் சொல்லும் காரணம். எல்லாருக்கும் திறந்து கிடக்கும் அரசுப் பதிவேட்டில் ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது? அப்படிப்பட்டவரிடம் நான் பேச்சைத் தொடர்வதில்லை.

படி இரண்டு: வரிசைப் பதிவேட்டுப் பக்கத்தை எடுங்கள்

எம்.எல்.ஆர்.எஸ். தளத்தில் எண்ணைக் கொண்டோ, கிளெய்மின் பெயரைக் கொண்டோ, உரிமையாளரின் பெயரைக் கொண்டோ, இடத்தைக் கொண்டோ தேடலாம். கட்டணம் இல்லை. பெயரை வைத்துத் தேடுவதை நான் பரிந்துரைப்பதில்லை. சுரங்கக்காரர்களுக்குக் கற்பனை வளம் குறைவு. 'லக்கி', 'கோல்டன்', 'லாஸ்ட் சான்ஸ்' என்ற பெயர்களில் கிளெய்ம்கள் குவிந்து கிடக்கின்றன. எண் மட்டும்தான் இரண்டு கிளெய்ம்களுக்கு ஒன்றாக இருக்காது.

கிடைத்ததும் அந்தக் கிளெய்முக்கான வரிசைப் பதிவேட்டுப் பக்கத்தை இறக்கிக்கொள்ளுங்கள். கிளெய்மின் பிறப்பு முதல் இன்றுவரையிலான வாழ்க்கை வரலாறு அதில் இருக்கும்: யார் பெயரில் இருக்கிறது, என்ன வகை, எத்தனை ஏக்கர், எந்த நாளில் போடப்பட்டது, எந்த இடம், இப்போதைய நிலை என்ன. அதற்குக் கீழே நாள்வாரியாக நிகழ்வுகளின் பட்டியல்: பதிவு வந்தது, கட்டணம் வந்தது, விலக்குப் படிவம் வந்தது, கைமாறியது, மூடப்பட்டது.

புதியவர்கள் மேலே உள்ள நிலையை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். நான் கீழேயிருந்து மேலாகப் படிப்பவன். பிறந்த நாளிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் ஏதாவது ஒரு வரி இருக்கிறதா என்று விரல்விட்டு எண்ணுவேன். ஓர் ஆண்டுக்கு ஒரு வரி இல்லையென்றால் அங்கே ஒரு கதை இருக்கிறது என்று பொருள்.

இன்னொன்று, பழைய கிளெய்ம்களில் 'தலைமைக் கோப்பு எண்' என்று ஒன்று இருக்கும். ஒரே ஆள் ஒரே நாளில் நாற்பது கிளெய்ம்களைப் பதிந்திருந்தால், அத்தனைக்கும் உரிய காகிதங்களை முதல் கிளெய்மின் எண்ணில் ஒரே கோப்பில் போட்டுவைத்தார்கள். முப்பத்தேழாவது கிளெய்மின் வரைபடம் வேண்டும் என்றால், அந்த எண்ணைக் கேட்டால் கிடைக்காது. தலைமைக் கோப்பின் எண்ணைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

படி மூன்று: 'நடப்பில் உள்ளது' என்ற சொல்லை நம்பும் முன்

இந்தப் படியில்தான் பணம் தொலைகிறது. சற்று நிதானமாகப் பார்ப்போம்.

கிளெய்மை உயிரோடு வைத்திருக்க ஆண்டுதோறும் செப்டம்பர் 1ஆம் தேதிக்குள் பராமரிப்புக் கட்டணம் கட்ட வேண்டும். 1990களில் 100 டாலராகத் தொடங்கிய இந்தக் கட்டணம், 2024இல் 165 டாலரிலிருந்து 200 டாலராக உயர்ந்தது. லோட் கிளெய்ம் ஒன்றுக்கு 200 டாலர். பிளேசர் என்றால் ஒவ்வொரு 20 ஏக்கருக்கும் அல்லது அதன் பகுதிக்கும் 200 டாலர். 45 ஏக்கர் பிளேசருக்கு 600, 160 ஏக்கருக்கு 1,600. முதல்முறை பதியும்போது இதோடு 49 டாலர் இடப்பதிவுக் கட்டணமும் ஒரு சிறு செயலாக்கக் கட்டணமும் சேரும். தொகைகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறும். கட்டும் முன் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாடு முழுவதிலும் சேர்த்துப் பத்து அல்லது அதற்குக் குறைவான கிளெய்ம்கள் வைத்திருப்பவர், சிறு சுரங்கக்காரர் என்ற பெயரில் விலக்குக் கேட்கலாம். அந்தப் படிவமும் செப்டம்பர் 1க்குள் போய்ச் சேர வேண்டும். பதிலுக்கு ஒவ்வொரு கிளெய்மிலும் ஆண்டுக்கு 100 டாலர் மதிப்புள்ள வேலை செய்து, டிசம்பர் 30க்குள் அதற்கான உறுதிமொழியைத் தாக்கல் செய்ய வேண்டும்.

ஏன் 31 இல்லை, 30? அந்த ஒரு நாளுக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் கதை இருக்கிறது. நெவாடாவில் லாக் குடும்பத்தினர் பத்துக் கிளெய்ம்களில் சரளை எடுத்து நன்றாகச் சம்பாதித்துவந்தார்கள். 1976ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டுத் தாக்கலை 'டிசம்பர் 31க்கு முன்' செய்ய வேண்டும் என்றது. அவர்களுடைய மகள் ஈலி ஊரிலிருந்த பி.எல்.எம். அலுவலகத்தில் விசாரித்தார், 31 அன்று கொடுத்தால் போதும் என்று அங்கே சொன்னார்கள். 1980 டிசம்பர் 31 அன்று கொடுத்தார்கள். ஒரு நாள் தாமதம் என்று பி.எல்.எம். கிளெய்ம்களை ரத்து செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1985இல் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் குடும்பம் தோற்றது. 'முன்' என்றால் முன்தான் என்றது தீர்ப்பு. புதிதாகப் போட்டுக்கொள்ளவும் வழியில்லை. சாதாரண மணல், சரளைக்குக் கிளெய்ம் போடுவதை 1955லேயே தடை செய்துவிட்டார்கள். சட்டத்தின் சொற்களை விடுத்து அலுவலகத்தில் ஒருவர் சொன்னதைக் கேட்டால் என்ன ஆகும் என்று யாராவது என்னிடம் கேட்டால், இந்த வழக்கைத்தான் சொல்வேன்.

சரி, பதிவேட்டுக்கு வருவோம். கட்டணமோ விலக்கோ போய்ச் சேராவிட்டால் கிளெய்ம் சட்டப்படி தானாகவே செத்துவிடுகிறது. அலுவலர் கணினியில் 'மூடப்பட்டது' என்று மாற்றுவது அதன் பிறகு நடக்கும் வேலை. இரண்டுக்கும் நடுவே நாள்கள் ஓடும். எனவே செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் 'நடப்பில் உள்ளது' என்று காட்டும் கிளெய்ம் உண்மையில் பிணமாக இருக்கலாம். மறுபக்கமும் உண்டு: செப்டம்பர் 1க்குள் அஞ்சல் முத்திரை விழுந்து, பதினைந்து நாள்களுக்குள் வந்து சேர்ந்த கட்டணம் செல்லும். செப்டம்பர் 2 அன்று பதிவேட்டில் வரி ஏறவில்லையே என்று ஓடிப்போய் அதே இடத்தில் கம்பு நடுபவர், வழக்கைத்தான் நடுகிறார். இலையுதிர் காலத்தில் கிளெய்ம் வாங்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். வாங்கினால் கட்டண ரசீதை விற்பவரிடம் கேளுங்கள், அதில் உங்கள் வரிசை எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

'மூடப்பட்டது' என்பதும் கடைசி வார்த்தை அல்ல. உரிமையாளர் உள்துறையின் நில மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம். வென்றால் கிளெய்ம் திரும்ப உயிர்பெறும்.

எல்லாவற்றையும் விட ஆழமான ஒன்று இருக்கிறது. நடப்பில் உள்ள கிளெய்ம் எல்லாம் செல்லுபடியாகும் கிளெய்ம் அல்ல. மதிப்புள்ள தாது உண்மையில் கண்டறியப்பட்டிருந்தால்தான் கிளெய்ம் செல்லும். விவேகமுள்ள ஒருவர் தம் உழைப்பையும் பணத்தையும் போடத் துணியும் அளவுக்கு அது இருக்க வேண்டும் என்று 1894லிலும், லாபத்தோடு விற்கக் கூடியதாக இருக்க வேண்டும் என்று 1968லிலும் விதிகள் வகுக்கப்பட்டன. பி.எல்.எம். எண் தரும்போது இதையெல்லாம் சோதிப்பதில்லை. காகிதம் சரியாக இருந்தது, பணம் வந்தது. எண் கொடுத்தார்கள், அவ்வளவே. மூடப்பட்ட நிலத்தில், உதாரணமாக 2012இல் கிராண்ட் கேன்யனைச் சுற்றி விலக்கிவைக்கப்பட்ட பத்து லட்சம் ஏக்கரில், ஒருவர் புதிதாகக் கிளெய்ம் போட்டால் அது பிறக்கும்போதே செல்லாதது. அப்படிப்பட்டதற்கும் சில நேரம் எண் விழுந்துவிடும்; பிறகு கண்டுபிடித்து ரத்து செய்வார்கள். நம் ஊரில் வில்லங்கச் சான்று எடுத்தால் பதிவான பத்திரங்கள்தான் தெரியுமே தவிர, நிலத்தில் யார் உழுகிறார்கள் என்று தெரியாது. அந்த மாதிரிதான் இதுவும்.

படி நான்கு: எண்ணிலிருந்து நிலத்துக்கு

பதிவேட்டுப் பக்கத்தில் இடம் இப்படி இருக்கும்: 21 0020எஸ் 0390இ 012. பார்த்தவுடன் தலை சுற்றும், பிரித்தால் எளிது.

முதல் இரண்டு இலக்கம் எந்த முதன்மைத் தீர்க்கக்கோட்டிலிருந்து அளக்கிறார்கள் என்பதைச் சொல்கிறது. 21 என்றால் மவுண்ட் டயாப்ளோ. அது கலிபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோவுக்குக் கிழக்கே உள்ள ஒரு சிகரம். 1851இல் அதன் உச்சியிலிருந்து அளக்கத் தொடங்கினார்கள். பக்கத்து மாநிலமான நெவாடா முழுவதும் இன்றுவரை அந்தச் சிகரத்திலிருந்துதான் அளக்கப்படுகிறது. தெற்குக் கலிபோர்னியாவுக்கு சான் பெர்னார்டினோ. அதன் எண் 27.

அடுத்தது டவுன்ஷிப். 0020எஸ் என்பதை 20 என்று படிக்கக் கூடாது. கடைசி இலக்கம் பாதி டவுன்ஷிப் போன்ற பின்னங்களுக்காக ஒதுக்கப்பட்டது. எனவே இது தெற்கே இரண்டாவது டவுன்ஷிப். அதேபோல 0390இ என்பது கிழக்கே 39ஆவது ரேஞ்ச், அதாவது கிழக்கு மேற்காக எண்ணும் டவுன்ஷிப் வரிசை. ஒரு டவுன்ஷிப் ஆறு மைல் சதுரம். ஆக, டயாப்ளோ சிகரத்திலிருந்து ஏறத்தாழ 230 மைல் கிழக்கே, பத்து மைல் போலத் தெற்கே. இருபது என்று படித்தவர் நூறு மைலுக்கு மேல் தள்ளிப்போய் நிற்பார்.

கடைசி மூன்று இலக்கம் செக்‌ஷன். ஒரு டவுன்ஷிப்பில் 36 செக்‌ஷன்கள், ஒவ்வொன்றும் 640 ஏக்கர். எண்ணும் முறை வேடிக்கையானது: வடகிழக்கு மூலையில் ஒன்று தொடங்கி மேற்கே ஆறுவரை போகும், பிறகு கீழ் வரிசையில் ஏழிலிருந்து கிழக்கு நோக்கித் திரும்பும், ஏர் பூட்டிய மாடு சால் முடிந்து திரும்புவதைப்போல வளைந்து வளைந்து தென்கிழக்கு மூலையில் 36இல் முடியும். ஆக 12ஆவது செக்‌ஷன், ஒன்றுக்கு நேர் கீழே, டவுன்ஷிப்பின் கிழக்கு ஓரத்தில். அதற்கு மேல் வடகிழக்கு, தென்மேற்கு என்று கால்பகுதியும் குறிக்கப்பட்டிருக்கும்.

இவ்வளவும் செய்தால் நீங்கள் வந்து நிற்பது 160 ஏக்கர் கொண்ட ஒரு கால்பகுதியில். 20 ஏக்கர் கிளெய்ம் அதற்குள் எங்கோ இருக்கிறது. எம்.எல்.ஆர்.எஸ். வரைபடத்தில் பழைய கிளெய்மைச் சொடுக்கினால் தெரியும் சதுரம், பெரும்பாலும் இந்தக் கால்பகுதியின் சதுரம்தான். கிளெய்மின் எல்லைக்கோடு அல்ல. ஒரே சதுரத்தில் எட்டுக் கிளெய்ம்கள் ஒன்றின் மேல் ஒன்றாகத் தெரிவதைப் பார்த்து 'எல்லாம் மோதிக்கொள்கிறதே' என்று பதறியவர்களும் உண்டு. ஒன்றுமே தெரியாத இடத்தில் காலி என்று கம்பு நட்டவர்களும் உண்டு.

சரியான எல்லைக்கு இரண்டு இடங்கள்தான். ஒன்று, கவுன்டி பதிவாளர் அலுவலகம்: அங்கே கிளெய்ம் போட்டவரின் அறிவிப்பும் வரைபடமும் இருக்கும். இன்னொன்று, நிலத்தில் நிற்கும் கம்பங்கள். காகிதமும் கம்பமும் முரண்பட்டால் பொதுவாகக் கம்பமே வெல்லும். அதனால் நேரில் போகாமல் வாங்காதீர்கள்.

கம்பம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. நெவாடாவில் ஒரு காலத்தில் மலிவு என்று வெள்ளை நிறப் பிளாஸ்டிக் குழாய்களை நட்டார்கள். பொந்து என்று நினைத்து உள்ளே புகுந்த சிறு பறவைகள் வழவழப்பான குழாயில் ஏற முடியாமல் ஆயிரக்கணக்கில் மடிந்தன. இப்போது அங்கே உள்ளீடற்ற பிளாஸ்டிக் குழாய் செல்லுபடியாகும் எல்லைக்குறி அல்ல. 2011 நவம்பர் முதல் யார் வேண்டுமானாலும் அதைப் பிடுங்கிப் பக்கத்திலேயே படுக்கவைக்கலாம். வெள்ளைக் குழாய் படுத்துக்கிடந்தால் கிளெய்ம் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. எண்ணைத் தேடிப் பாருங்கள்.

படி ஐந்து: ஒத்த முகமுள்ள பிற எண்களைப் பிரித்தறியுங்கள்

கவுன்டியில் பதிந்தபோது கிடைத்த ஆவண எண் வேறு, பி.எல்.எம். வரிசை எண் வேறு. விற்பவர்கள் முதலாவதைக் காட்டி இரண்டாவது இருப்பதாக நம்பவைப்பார்கள். கவுன்டியில் மட்டும் பதிந்து பி.எல்.எம்.இல் 90 நாளுக்குள் பதியாத கிளெய்ம் செல்லாது. கவுன்டிக்கான கெடு மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். நெவாடாவில் 90 நாள், யூட்டாவில் 30 நாள்.

'எம்.எஸ்.' என்று தொடங்கினால் அது கனிம நில அளவை எண். பெரும்பாலும் பட்டயம் பெற்ற கிளெய்ம், அதாவது அரசு நிலத்தையே எழுதிக்கொடுத்துத் தனியார் சொத்தாகிவிட்டது. அதற்கு ஆண்டுக் கட்டணம் இல்லை, கவுன்டிக்குச் சொத்து வரி உண்டு. 1994 அக்டோபர் முதல் புதிய பட்டய விண்ணப்பங்களை நிறுத்திவைத்திருக்கிறார்கள். எனவே 'விரைவில் பட்டயம் வாங்கிவிடலாம்' என்ற பேச்சு வெறும் பேச்சு.

ஏழு இலக்க எண், முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைக் குறிக்கிறது என்றால் அது சுரங்கப் பாதுகாப்பு நிர்வாகம் தரும் சுரங்க அடையாள எண். நெவாடாவுக்கு 26, கலிபோர்னியாவுக்கு 04. அது வேலை நடக்கும் இடத்துக்கானது; உரிமைக்கானது அல்ல. தோண்டுவதற்காகப் பி.எல்.எம்.இடம் கொடுக்கும் அறிவிப்புக்கும் திட்டத்துக்கும் தனி எண்கள் உண்டு. அலாஸ்காவில் ஏடிஎல் என்று வந்தால் அது மாநில அரசின் நிலத்தில் போட்ட கிளெய்ம், அதை எம்.எல்.ஆர்.எஸ்.இல் தேடிப் பயனில்லை.

படி ஆறு: கைமாறும்போது

கிளெய்மை வாங்கினால் வரிசை எண் மாறாது. திருத்தம் செய்தாலும் மாறாது. பழைய கிளெய்ம் செத்து, அதே இடத்தில் புதிதாகக் கம்பு நட்டால் மட்டும் புதிய எண், புதிய பிறந்தநாள். 'எங்கள் குடும்பம் 1950 முதல் வைத்திருக்கிறது' என்று சொல்பவரின் பதிவேட்டில் பிறந்தநாள் 2016 என்று இருந்தால், நடுவில் ஒருமுறை தவறவிட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். இடைப்பட்ட காலத்தில் வேறொருவர் போட்ட கிளெய்ம் மூத்ததாகியிருக்கலாம். அந்த செக்‌ஷனில் உள்ள மற்ற எண்களையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

விற்பனைப் பத்திரத்தில் கிளெய்மின் பெயர், பழைய எண், புதிய எண் மூன்றும் இருக்க வேண்டும். அதைக் கவுன்டியில் பதிந்து, நகலைக் கட்டணத்தோடு பி.எல்.எம். மாநில அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். பலர் கவுன்டியோடு நின்றுவிடுகிறார்கள். பி.எல்.எம்.ஐப் பொறுத்தவரை பதிவேட்டில் உள்ள பெயர்தான் உரிமையாளர். குறை இருக்கிறது, இத்தனை நாளுக்குள் சரிசெய்யுங்கள் என்ற கடிதம் அந்த முகவரிக்குத்தான் போகும். விற்றுவிட்டு ஊரைவிட்டே போனவரின் அஞ்சல்பெட்டியில் உங்கள் கிளெய்மின் உயிர் கிடக்கும்.

ஆகஸ்டில் நீங்களே புதிதாகக் கம்பு நட்டுவிட்டு அக்டோபரில் பதியப் போனால் இரண்டு ஆண்டுக் கட்டணத்தைச் சேர்த்துக் கட்ட வேண்டியிருக்கும். நடுவில் செப்டம்பர் 1 கடந்துவிட்டதல்லவா? பணத்தில் முடை என்றால் செப்டம்பர் பிறந்த பிறகு நடுங்கள்.

கட்டணம் கட்டும்போது எண்ணை நினைவிலிருந்து எழுதாதீர்கள். பதிவேட்டுப் பக்கத்தைப் பக்கத்தில் வைத்து ஒவ்வோர் இலக்கமாகப் பார்த்து எழுதுங்கள். பத்துக் கிளெய்ம்களுக்கு ஒன்பது எண்களை மட்டும் எழுதி அனுப்பிய ஒருவரை எனக்குத் தெரியும். விடுபட்டது எது என்று கேட்காதீர்கள், நல்ல ஓடை இருந்ததுதான்.

பெயர் மாற்றம் அனுப்பிச் சில வாரங்கள் கழித்து அதே எண்ணை மறுபடியும் தேடிப் பாருங்கள். பழைய பெயரே இருந்தால் மாநில அலுவலகத்தைத் தொலைபேசியில் கூப்பிட்டு, வேறு எதையும் சொல்வதற்கு முன் வரிசை எண்ணைச் சொல்லுங்கள்.